அடுத்த வீட்டு அடுப்பு

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சலுகை உண்டு. எந்த வீட்டுக்குள்ளும் அவன் கதவைத் தட்டாமல் நுழையலாம். அடுப்பில் என்ன கொதிக்கிறது, பானையில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது, புருஷனுக்கும் மனைவிக்கும் பேச்சு வார்த்தை இருக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் சாவகாசமாகப் பார்த்துவிட்டு வந்து எழுதிவிடலாம். தப்பாக எழுதிவிட்டால் வாசகர்களிடமிருந்து இரண்டு கோபமான கடிதங்கள் வரும். அதற்கு மேல் சேதம் ஒன்றுமில்லை. நானும் என் நாவல்களில் இரண்டு மூன்று தாய்மார்களைக் கல்நெஞ்சக்காரிகளாகச் சித்திரித்திருக்கிறேன். அதற்காக அவர்களுடைய குழந்தைகளை யாரும் வந்து அழைத்துக்கொண்டு போய்விடவில்லை. அப்படி ஒரு தாயும் இல்லை, குழந்தையும் இல்லை.

இந்தச் சலுகை இல்லாத எழுத்தாளர்களும் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களும் பிறர் வீட்டுக்குள் போகிறார்கள். அடுப்பைப் பார்க்கிறார்கள். சுருட்டி வைத்த பாயைப் பார்க்கிறார்கள். தாயின் முகத்தையும் குழந்தையின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். பிறகு எழுதுகிறார்கள். எழுதியதை ஐந்தாறு பேருக்கு மேல் படிக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஐந்தாறு பேர் படித்து முடித்ததும், ஒரு குழந்தை இனிமேல் எந்தக் கூரையின் கீழே தூங்கும் என்பது முடிவாகிவிடும். அந்த எழுத்துக்குச் சமூக விசாரணை அறிக்கை என்று பெயர்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதரவற்ற குழந்தை, அல்லது பெற்றோர் இருந்தும் பாதுகாப்பில்லாத குழந்தை ஒன்று போலீஸாரிடமோ மற்றவர்களிடமோ அகப்பட்டால், 24 மணி நேரத்துக்குள் அதைக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்கிறது 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். ஒரு தலைவரும் நாலு உறுப்பினர்களும் கொண்டது அந்தக் குழு. அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அங்கே கறுப்பு அங்கி இல்லை, கூண்டு இல்லை, ஆனால் மாஜிஸ்திரேட்டுக்குள்ள அதிகாரம் உண்டு. குழந்தையைத் தாற்காலிகமாக ஓர் இல்லத்தில் தங்க வைத்துவிட்டு, ஒரு சமூகப் பணியாளரையோ குழந்தைகள் நல அலுவலரையோ குழு விசாரித்து வரச் சொல்லும். அந்த விசாரணை 15 நாட்களில் முடிய வேண்டும். அதை வைத்துக்கொண்டு 4 மாதத்துக்குள் இறுதி உத்தரவு.

இந்த ஏற்பாடு நமக்கு நேற்று வந்ததல்ல. சென்னை மாகாணத்தில் 1920-லேயே குழந்தைகள் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் அப்படிப்பட்ட சட்டங்களில் அதுதான் முதலாவது. 1922-ல் வங்காளமும், 1924-ல் பம்பாயும் அதைப் பின்பற்றின. ஆக, பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் பிள்ளைக்கும் நடுவில் சர்க்கார் வந்து நிற்க ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அது நிற்கலாமா கூடாதா என்பதல்ல என் கேள்வி. சில வீடுகளில் நிற்கத்தான் வேண்டும். என் கேள்வி வேறு. முன்பின் தெரியாத ஒருவர் இன்னொருவர் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அங்கே அன்பு இருக்கிறதா இல்லையா என்று எழுதிக் கொடுக்க முடியுமா? முடியாது என்றால், முடியாத அந்தக் காரியத்தைச் செய்யாமல் இருந்துவிடத்தான் முடியுமா?

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மாள் இருக்கிறார். நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்கால வேளைகளில் பூங்காவில் நடப்பார். என்னையும் டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பதால் பரிச்சயம் ஏற்பட்டது. ஒரு நாள், "உங்கள் கதைகளைப் படித்திருக்கிறேன் சார். நானும் முப்பது வருஷம் எழுதினவள்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பேச்சு அப்படி ஆரம்பித்தது. ஊர் பெயரையோ ஆட்கள் பெயரையோ அவர் சொல்லவில்லை. சட்டம் அதை அனுமதிப்பதில்லை. நானும் கேட்கவில்லை.

உத்தியோகத்துக்கு வந்த புதிதில் நடந்ததாம். பஸ் நிலையத்தில் நள்ளிரவுக்கு மேல் இரண்டு குழந்தைகள் அகப்பட்டன. அக்காவுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. தகப்பன் விட்டுவிட்டுப் போனவன். குழந்தைகளை இல்லத்தில் சேர்த்துவிட்டு, தாயை விசாரித்து எழுதும்படி இந்த அம்மாளை அனுப்பினார்கள். போனார், பார்த்தார், எழுதினார். அந்த அறிக்கையின் வாக்கியங்களை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்கிறார்.

"காலை பத்தரை மணிக்குச் சென்றபோது தாய் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்பு மூட்டப்படவில்லை; முதல் நாள் பாத்திரங்கள் கழுவாமல் கிடந்தன. இரவு நேரங்களில் அவர் வீட்டில் தங்குவதில்லை. விடிந்த பிறகு ஆட்டோவில் வந்து இறங்குகிறார் என்று அக்கம்பக்கத்தார் தெரிவித்தனர். கேட்ட கேள்விகளுக்கு விட்டேற்றியாகப் பதில் கூறினார்."

"ஐந்து வாக்கியம் சார். ஒன்றுகூடப் பொய் இல்லை" என்றார் அந்த அம்மாள்.

அறிக்கையைக் கொடுப்பதற்கு முன்னால் ஏதோ ஒரு விவரம் விட்டுப்போயிருந்ததால், அந்தப் பெண் குழந்தையைக் கேட்க இல்லத்துக்குப் போயிருக்கிறார். பேச்சோடு பேச்சாக, "உங்க அம்மா பகல்ல எப்பவும் தூங்கிக்கிட்டே இருப்பாங்களா?" என்று கேட்டாராம். குழந்தை சொன்னது: "எழுப்பக் கூடாது. எழுப்பினா தலை வலிக்கும். ராத்திரி ஒரு மணிக்குப் பூ மார்க்கெட்டுக்குப் போகணும்ல." அன்றிரவு தம்பிக்கு ஜுரம் வந்து அழுதிருக்கிறான். அம்மாவைத் தேடிக்கொண்டுதான் அவனை அழைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். பூ மார்க்கெட் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது.

அந்த அம்மாள் இரண்டு நாள் கழித்து, தம் புருஷரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இரவு இரண்டு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போனார். விளக்கடியில் மல்லிகைக் குவியலைச் சுற்றிப் பத்துப் பெண்கள் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியாக இவளும் இருந்தாள். அலுவலரைப் பார்த்ததும் பதறி எழுந்து, "பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சாம்மா?" என்றுதான் கேட்டாள். விடிந்ததும் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரே ஆட்டோவில் வீடு திரும்புவது வழக்கம்.

"இதையெல்லாம் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று அலுவலர் கேட்டிருக்கிறார்.

"நீங்க கேக்கலையேம்மா. ராத்திரி வீட்டுல இருப்பியான்னு கேட்டீங்க. இல்லேன்னேன்."

அறிக்கை மாறியது. இரவில் பக்கத்து வீட்டுக் கிழவி வந்து குழந்தைகளுக்குத் துணையாகப் படுத்துக்கொள்வது என்ற ஏற்பாட்டின் பேரில் குழந்தைகள் தாயிடம் திரும்பிப் போயினர்.

இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. உண்மையான ஐந்து விவரங்களைக் கொண்டு ஒரு பொய்யான மனுஷியைப் படைக்கும் வித்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதுதானே என் பிழைப்பு! ஒருத்தியைக் கெட்டவள் என்று சொல்ல வேண்டுமானால் அந்த வார்த்தையைப் பயன்படுத்த வேண்டியதே இல்லை. அவள் வீட்டில் கழுவாத பாத்திரத்தைக் காட்டினால் போதும். மீதியை வாசகர் பூர்த்தி செய்துகொள்வார். பொய் சொல்லாமலே அநியாயம் செய்யலாம் என்பது கதை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சத்தியம் பேசினால் போதும், அதுவே நியாயம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எந்தச் சத்தியத்தைப் பார்ப்பது, எந்த நேரத்தில் பார்ப்பது, எதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒருவனுடைய நல்லதையும் கெட்டதையும் ஆராய்ந்து, எது மிகுதியோ அதைக் கொண்டு அவனை மதிப்பிடும்படி வள்ளுவர் சொல்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் அவர் அதைச் சொன்னது, காரியத்துக்கு ஆள் தேடும் அரசனுக்கு. தேறாதவனைத் தள்ளிவிட்டு வேறு ஒருவனை வைத்துக்கொள்ள அரசனால் முடியும். தாய் என்பது அப்படிப்பட்ட உத்தியோகமா? தராசில் இரண்டு குன்றிமணி குறைந்தாள் என்பதற்காக வேறு ஒருத்தியை நியமித்துவிட முடியுமா?

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் எல்லோருக்கும் திருப்தியாக இருக்கும். ஏழைத் தாய் ஜெயித்தாள், அதிகாரி மனம் திருந்தினார், சுபம். ஆனால் அந்த அம்மாள் அதோடு நிறுத்தவில்லை. பூங்காவில் விளக்குப் போட்டுவிட்டார்கள். எழுந்து போகிறவர் போல் எழுந்தவர், மறுபடியும் உட்கார்ந்தார்.

"இந்தக் கதையைப் பயிற்சி வகுப்புகளில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொன்று இருக்கிறது. அதை இன்றைக்குத்தான் சொல்கிறேன்" என்றார்.

அது பல வருஷங்களுக்குப் பிறகு நடந்தது. எட்டு வயதுப் பையன். தாய் தகப்பன் இல்லை. பெரியப்பா வீட்டில் வளர்கிறான். முதுகில் தழும்பு இருப்பதைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா தகவல் கொடுத்திருக்கிறார். அலுவலர் அந்த வீட்டுக்குப் போனார். வாசலில் கோலம். கூடத்தில் கண்ணாடி பதித்த அலமாரி, அதில் புத்தகங்கள். எவர்சில்வர் பாத்திரங்கள் முகம் பார்க்கும்படி பளபளத்தன. பெரியப்பா படித்தவர், நல்ல உத்தியோகம், குரலை உயர்த்தாமல் பேசினார். "பையன் மரத்திலிருந்து விழுந்துவிட்டான், துஷ்டன்" என்று சிரித்தார். பையன் வெளுத்த சட்டை போட்டுத் தலை வாரியிருந்தான். "இங்கே இருக்கப் பிடித்திருக்கிறதா?" என்று பெரியப்பாவின் எதிரிலேயே கேட்டார். தலையை ஆட்டினான். அக்கம்பக்கத்தில் விசாரித்தார். "ரொம்ப மரியாதையான குடும்பம்" என்றார்கள். 'சூழ்நிலை திருப்திகரமாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஏழு வாரம் கழித்து அந்தப் பையனை ஆஸ்பத்திரியில் பார்த்தார். வலது கை இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. உடம்பில் சூடு போட்ட தழும்புகள் இருந்தன. சில புதியவை, சில பழையவை. பிழைத்துக்கொண்டான். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்களாம்: "ராத்திரியில சத்தம் கேக்கும்மா. நமக்கு எதுக்குன்னு இருந்துட்டோம்."

வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: "அந்த வீட்டுக் காபி நன்றாக இருந்தது சார். அதை என்னால் மறக்க முடியவில்லை."

முதல் தடவை அதிகமாகச் சந்தேகப்பட்டார். இரண்டாம் தடவை அதிகமாக நம்பிவிட்டார் என்று பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று எதிரான தவறுகளாகத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்ததில் இரண்டும் ஒரே தவறு என்று தெரிந்தது. இரண்டு வீட்டிலும் அவர் பார்த்தது பாத்திரத்தை. கழுவாத பாத்திரம் அன்பில்லாமைக்குச் சாட்சி என்றும், பளபளக்கும் பாத்திரம் அன்புக்குச் சாட்சி என்றும் எடுத்துக்கொண்டார். அது அவருடைய சொந்தக் குற்றமல்ல. நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களில் பிறந்த எல்லோரும் அப்படித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறோம். காலையில் குளித்துக் கோலம் போட்டு, எட்டு மணிக்குள் சமையலை முடிக்கிறவள் நல்ல தாய். நம் அம்மா அப்படி இருந்தாள். ஆகவே அடுத்த வீட்டு அடுப்பை நம் வீட்டு அடுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். வறுமை அழுக்காக இருக்கும். அதனால் அது கண்ணில் படும். கொடுமை சுத்தமாகவும் இருக்க முடியும். அப்போது அது கண்ணில் படுவதில்லை.

பணக்கார நாடுகளில் இது எப்படியோ என்று சிலர் நினைக்கலாம். இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். மரியா கோல்வெல் என்ற சிறுமி கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனை இழந்தவள். அத்தையின் வீட்டில் வளர்ந்தாள். பெற்ற தாய் மறுமணம் செய்துகொண்டு அவளைத் திருப்பிக் கேட்டாள். பெற்றவளிடம் இருப்பதே குழந்தைக்கு நல்லது என்ற நம்பிக்கை ஓங்கியிருந்த காலம் அது. 1971-ல் குழந்தையைத் தாயிடம் ஒப்படைத்தார்கள். அக்கம்பக்கத்தார் எச்சரித்தார்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எச்சரித்தார்கள். 1973 ஜனவரியில், ஏழு வயதில், பிரைட்டன் நகரத்தில், மாற்றாந்தகப்பன் அடித்து அவள் இறந்துபோனாள். 1974-ல் விசாரணைக் கமிட்டியின் அறிக்கை வெளிவந்தது. பல இலாகாக்காரர்களிடம் ஆளுக்கொரு துண்டாகச் செய்தி இருந்திருக்கிறது. துண்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்தான் இல்லை. நீதிமன்றத்தில் பெற்றோர் கட்சி வேறு, குழந்தையின் கட்சி வேறாக இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டு, குழந்தைக்காகத் தனியே ஒருவர் பேச 1975-ல் சட்டம் வழி செய்தது.

தேசமே திகைத்துப்போயிற்று. இனி எந்தக் குழந்தையையும் விட்டுவிடக் கூடாது என்று எல்லோரும் உறுதி செய்துகொண்டார்கள். பிறகு என்ன ஆயிற்று? 1987-ல் அதே இங்கிலாந்தில் கிளீவ்லாந்து என்ற வட்டாரத்தில் சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று இரண்டு டாக்டர்கள் முடிவு கட்டினார்கள். உடலில் செய்த ஒரு வகைப் பரிசோதனையைப் பெரிதும் நம்பிய முடிவு அது. குழந்தைகள் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டார்கள். பிற்பாடு நீதிமன்றங்களுக்குப் போனபோது பெரும்பாலான வழக்குகள் நிற்கவில்லை. அநேகம் குழந்தைகள் வீடு திரும்பினார்கள். அதை விசாரித்த நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் அம்மையார், 1988-ல் கொடுத்த அறிக்கையில், குழந்தை ஒரு ஆள், பிறர் கவலைப்படுவதற்காக இருக்கும் ஒரு பொருள் அல்ல என்ற கருத்தை வற்புறுத்தினார். முதல் வழக்கில் குழந்தையைக் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள்; இரண்டாவதில் குழந்தையைக் கேட்காமல் வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு போனார்கள். ஊஞ்சல் இந்தக் கோடிக்கும் போயிற்று, அந்தக் கோடிக்கும் போயிற்று. குழந்தை நடுவில் நின்றுகொண்டிருந்தது.

அதன் பிறகு வந்த 1989-ம் வருஷத்து ஆங்கிலேயச் சட்டத்தில் இரண்டு நல்ல விஷயங்கள் உண்டு. நீதிபதி கவனிக்க வேண்டியவற்றை அந்தச் சட்டம் வரிசைப்படுத்தும்போது, குழந்தையின் விருப்பத்தையும் மன உணர்ச்சிகளையும் அதன் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்றபடி முதலில் வைக்கிறது. இன்னொன்று: உத்தரவே போடாமல் இருப்பதைக் காட்டிலும் போடுவது குழந்தைக்கு நல்லது என்று தெரிந்தாலொழிய, உத்தரவு போடக் கூடாது. சும்மா இருப்பதும் ஒரு தீர்ப்பு என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது.

பழைய கதைகளில் இந்தச் சங்கடம் இல்லை. புத்த ஜாதகங்களில் மகோசதரின் கதை ஒன்று உண்டு. ஒரு குழந்தைக்குத் தாயும் ஒரு யட்சிணியும் உரிமை கொண்டாடுகிறார்கள். தரையில் கோடு போட்டு, குழந்தையை அதன் மேல் கிடத்தி, ஒருத்தியைக் கையையும் ஒருத்தியைக் காலையும் பிடித்து இழுக்கச் சொல்கிறார் மகோசதர். குழந்தை வீரிடுகிறது. கையை விட்டவள் தாய். சாலமோன் ராஜாவின் கதையும் ஏறக்குறைய இதேதான். விட்டுக்கொடுத்ததே தாய்மைக்கு அத்தாட்சி.

இன்றைக்கு அதே தாய் கையை விட்டால் என்ன ஆகும்? பூக்காரி, "என்னால ரெண்டு பேரையும் வச்சுக் காப்பாத்த முடியலம்மா, நீங்களே நல்ல இடமாப் பார்த்து வையுங்க" என்று சொல்லியிருந்தால், 'தாய்க்குக் குழந்தைகளை வைத்துக்கொள்ள விருப்பமில்லை' என்றுதான் பதிவாகியிருக்கும். கதையில் அவளைத் தாயாக்கிய அதே சொல், கோப்பில் அவளைத் தாய் அல்லாதவள் ஆக்கிவிடும். நம் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தையை ஒப்படைத்துவிட்டுப் போகும் பெற்றோருக்கு, மனம் மாறித் திரும்பி வர இரண்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறது. அந்த இரண்டு மாதத்தை எழுதி வைத்தவர் யாரோ, அவர் மனுஷ மனத்தை அறிந்தவர்.

அறிக்கை எழுதும் இந்த வழக்கத்துக்கு மூலபுருஷர் என்று ஒருவரைச் சொல்வதுண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பூட்ஸ் தைத்து விற்றுக்கொண்டிருந்த ஜான் அகஸ்டஸ். 1841-ல் அவர் ஒரு நாள் போலீஸ் கோர்ட்டில் இருந்தபோது, குடிகாரன் ஒருவனைச் சிறைக்கு அனுப்ப இருந்தார்கள். அகஸ்டஸ் அவனோடு சற்றுப் பேசிப் பார்த்தார். இவன் திருந்துவான் என்று தோன்றியது. ஜாமீன் நின்று அழைத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து அவனைத் தெளிந்த மனிதனாகக் கோர்ட்டுக்கு அழைத்து வந்தார். அபராதம் ஒரு சென்டும் கோர்ட்டுச் செலவும் மட்டும். அதற்குப் பிறகு 1859-ல் சாகும் வரையில் ஏறக்குறைய 2,000 பேருக்கு ஜாமீன் நின்றார். அவர்களில் சிறுவர்களும் உண்டு. ஒவ்வொருவருடைய வயது என்ன, பூர்வோத்தரம் என்ன, எப்படிப்பட்ட சூழ்நிலையிலிருந்து வந்தவர் என்று விசாரித்துப் பார்த்த பிறகே நிற்பாராம்.

அகஸ்டஸ் விசாரித்தார் என்பதல்ல எனக்கு முக்கியம். விசாரித்த பிறகு தம்முடைய பணத்தை எடுத்து வைத்தார். தம் அபிப்பிராயம் தவறாகப் போனால் நஷ்டம் தமக்கே என்று ஏற்றுக்கொண்டார். பிற்காலத்தில் சிகாகோவில் 1899-ல் சிறுவர்களுக்கென்று தனிக் கோர்ட்டு வந்தது, உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள், நமூனாக்கள் வந்தன. விசாரணை நின்றது, ஜாமீன் போய்விட்டது. இன்றைக்கு அறிக்கை தவறாக இருந்தால் நஷ்டப்படுகிறவர் எழுதினவர் அல்ல, எழுதப்பட்டவர். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குச் சம்பளக்காரர்கள் சொந்தப் பணத்தை வைத்து ஜாமீன் நிற்க முடியாதுதான். ஆனால் பணத்துக்குப் பதிலாக வேறு எதையாவது பணயம் வைக்க முடியுமா என்று கேட்கலாம் அல்லவா? இன்னொரு தடவை, இன்னொரு நேரத்தில் அந்த வீட்டுக்குப் போகும் சிரமத்தை வைக்கலாம். குழந்தையைத் தனியே அழைத்து, அது வாய் திறக்கும் வரையில் காத்திருக்கும் பொறுமையை வைக்கலாம். 'நான் பார்த்தது இது, பிறர் சொல்லக் கேட்டது இது, நானாக ஊகித்தது இது' என்று பிரித்து எழுதும் அடக்கத்தை வைக்கலாம். அந்த அம்மாளின் முதல் அறிக்கையில் மூன்றும் ஒன்றாகக் கலந்திருந்தன. அதனால்தான் ஒரு பொய்கூட இல்லாமலே அது பொய்யாயிற்று.

இன்னொரு சங்கதி. குழுவின் முன் வரும் அறிக்கைகள் ரகசியமானவை என்கிறது சட்டத்தின் 99-வது பிரிவு. குழு உசிதமென்று கருதினால் அதன் சாரத்தைப் பெற்றோருக்கோ குழந்தைக்கோ தெரிவித்து, அவர்கள் தரப்பைச் சொல்ல இடம் கொடுக்கலாம். 'கொடுக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். குழந்தையின் மானத்தைக் காப்பாற்ற ரகசியம் வேண்டியதுதான். பயந்துபோயிருக்கும் குழந்தை சொன்னதை, அதை அடித்தவனிடம் வாசித்துக் காட்டச் சொல்கிறவன் அல்ல நான். ஆனால் தன்னைப் பற்றி எழுதியிருப்பது என்ன என்று தெரியாமலே ஒரு தாய் தன் குழந்தையை இழப்பதும் தகாது. 'பகலில் தூங்குகிறார்' என்று எழுதியிருப்பதைப் பூக்காரிக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டியிருந்தால், அவள் ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருப்பாள். என் நாவலின் பாத்திரங்கள் எழுந்து நின்று என்னை எதிர்த்துப் பேச முடியாது. அந்த ஊமைத்தனத்தை உயிருள்ள மனிதர்கள் மேல் சுமத்தக் கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாறுதல் கேள்வியில் வர வேண்டும். 'இவள் தகுதியுள்ள தாயா?' என்ற கேள்வியோடு ஒரு வீட்டுக்குள் போகிறவருக்குக் குறைகள்தாம் தென்படும். 'இவளுக்கு எது கிடைத்தால் இந்தக் குழந்தை இங்கேயே பத்திரமாக இருக்கும்?' என்ற கேள்வியோடு போகிறவருக்குப் பக்கத்து வீட்டுக் கிழவி தென்படுவாள். நம் சட்டமும் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்கிறது. விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் குழந்தையைத் தம்மிடமே வைத்து வளர்க்க உதவித் தொகை கொடுக்கவும் இடம் வைத்திருக்கிறது. 2022-ல் வந்த மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். வறுமையைக் கண்டுபிடித்து எழுதிவிட்டு, அந்த வறுமைக்கு மருந்து இருக்கிறது என்பதை எழுதாமல் விடுகிற அறிக்கை பாதி அறிக்கைதான்.

ஆனால் அந்தப் பெரியப்பா வீட்டுக்கு எந்த உதவித் தொகையும் பயன்பட்டிருக்காது. அங்கே வேண்டியிருந்தது, 'ராத்திரியில் சத்தம் கேட்கிறது' என்ற ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் அலுவலர் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர்.

இதைப் படிக்கிறவர்களில் அநேகம் பேர் அறிக்கை எழுதப் போவதில்லை. அறிக்கையில் எழுதப்படவும் போவதில்லை. ஆனால் நாம் எல்லோரும் அதில் இருக்கிறோம். 'அக்கம்பக்கத்தார் தெரிவித்தனர்' என்ற இடத்தில் இருக்கிறோம். பூக்காரி ஆட்டோவில் வந்து இறங்கியதைக் கேட்காமலே சொன்னவர்கள் நாம்தாம். பெரியப்பா வீட்டுச் சத்தத்தைக் கேட்டும் சொல்லாமல் இருந்தவர்களும் நாம்தாம். நமக்குக் கீழே இருக்கிறவர்களைப் பற்றி நம் நாக்கு நீளுகிறது. நமக்குச் சமமானவர்களைப் பற்றி அது மரியாதையாக மடங்கிக்கொள்கிறது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் மாடிப் போர்ஷனில் ஒரு குடும்பம் குடியிருந்தது. இரவில் ஒரு குழந்தை அழும். குழந்தை என்றால் அழத்தான் செய்யும். ஆனால் இது திடீரென்று ஆரம்பித்து, திடீரென்று நின்றுவிடும். அந்த நின்றுபோவதுதான் என்னவோ போல் இருக்கும். நான் அப்போது ஒரு தொடர்கதையின் மும்முரத்தில் இருந்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு எழுதினேன். ஒன்பது மாதத்தில் அவர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் பேசலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பேசியிருந்தால் ஒன்றுமில்லாத விஷயத்தைப் பெரிதாக்கின பழி வந்திருக்கலாம். ஒரு நல்ல குடும்பத்தின் வாசலில் அதிகாரி வந்து நின்றிருக்கலாம். பேசாததால் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்று வரையில் தெரியாது.

இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை; குற்றம் சொல்லவும் இல்லை. "இரண்டு பக்கமும் தப்புச் செய்தவள் நான். மறுபடி உத்தியோகம் கொடுத்தாலும் போவேன்" என்றார்.

"எந்தத் தைரியத்தில்?" என்று கேட்டேன்.

"தைரியம் ஏது சார்? யாராவது போய்த்தானே ஆக வேண்டும். போகிறவர்கள் பயந்துகொண்டே போகட்டும். பயம் விட்டுப்போனவர்கள் எழுதின அறிக்கைகளையும் நான் படித்திருக்கிறேன்."

நேரமாகிவிட்டது என்று எழுந்தார். நானும் அவருடன் தெருமுனை வரையில் நடந்தேன். மாடிப் போர்ஷனில் இப்போது வேறு ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுக் குழந்தை அன்றிரவு அழுதபோது, நான் ஜன்னலைச் சாத்தவில்லை. அழுகை எப்படி அடங்குகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ தாலாட்டுவது காதில் விழுந்த பிறகுதான் பேனாவைக் கையில் எடுத்தேன்.